கடல் தாண்டி வரும் வேலை: ஆஃப்ஷோர் அவுட்சோர்சிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டு வேலையை இங்கே வாங்கிச் செய்து கொடுக்கும் தொழில் பற்றி என்னிடம் கேட்பவர்கள் இரண்டு வகை. பொருளாதாரம் படிக்கிற பிள்ளைகள் "இதனால் வளரும் நாடுகளுக்கு உண்மையிலேயே லாபமா?" என்று கேட்கிறார்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்த்தவர்கள் "பத்து கம்ப்யூட்டர் போட்டு ஆரம்பித்துவிடலாமா?" என்று கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

ஆஃப்ஷோர் அவுட்சோர்சிங் என்றால் கால் சென்டர்தானே?

கால் சென்டரும் உண்டு. அதோடு முடிவதில்லை. சம்பளக் கணக்கு, இன்சூரன்ஸ் கிளெய்ம், மருத்துவமனை பில், மென்பொருள், ஆய்விதழ்களுக்குப் பக்கம் கட்டுவது, கட்டட வரைபடம் என்று பட்டியல் நீளம். ஒரு நிறுவனம் தன் வேலையை இன்னொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தால் அவுட்சோர்சிங். அந்த இன்னொரு நிறுவனம் வேறு நாட்டில் இருந்தால் ஆஃப்ஷோர்.

வேலையை யாரிடமும் கொடுக்காமல், வெளிநாட்டில் சொந்தக் கிளை திறந்து சொந்த ஆட்களை வைத்துச் செய்துகொள்பவர்களும் உண்டு. அதை முன்பு கேப்டிவ் என்பார்கள், இப்போது ஜிசிசி (குளோபல் கேப்பபிலிட்டி சென்டர்). கணக்கு வேலைகளுக்காக உலக வங்கி 2001ல் சென்னையில் திறந்த அலுவலகம் இந்த ரகம். அதே ஆண்டு ஸ்டாண்டர்டு சார்ட்டர்டு வங்கி ஸ்கோப் இன்டர்நேஷனல் என்று தொடங்கியதும் இதுதான். ஐடி நிறுவனங்களின் சங்கமான நாஸ்காம் கணக்கில் 2023-24ல் இந்தியாவில் 1,700க்கு மேல் ஜிசிசிகள், அவற்றில் சுமார் 19 லட்சம் பேர். சம்பளம் நம் ஊருக்கு வருகிறது, ஆனால் முதலாளி வெளிநாட்டில்தான் இருக்கிறார். சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவருக்கு ஜிசிசி வாய்ப்பே இல்லை. நன்றாக வேலை தெரிந்த ஆட்களை அவரிடமிருந்து இழுத்துக்கொள்ளும் போட்டிக்காரன்.

இது இந்தியாவில் தொடங்கியதா?

இல்லை. எனக்குப் பிடித்த பழைய உதாரணம் பார்படோஸ். 1983ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் தாய் நிறுவனம், அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்த டேட்டா என்ட்ரி வேலையை அந்தத் தீவுக்கு மாற்றியது. பயணிகள் பயன்படுத்தி முடித்த டிக்கெட் தாள்கள் பெட்டி பெட்டியாக விமானத்தில் வந்து இறங்கும். வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் அவற்றைப் பார்த்துத் தட்டச்சு செய்வார்கள். விவரம் சாட்டிலைட் வழியே அமெரிக்கா போய்விடும். சில வருடங்களிலேயே கூலி இன்னும் மலிவாக இருந்த டொமினிக்கன் குடியரசில் இன்னொரு கிளை திறந்தார்கள். பிறகு 2008 ஜூன் 1 முதல் உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா காகித டிக்கெட்டையே கைவிட்டது. தட்டச்சு செய்ய டிக்கெட் தாள் என்ற ஒன்றே இல்லை.

இந்தத் தொழிலின் மொத்தக் கதையும் அதில் இருக்கிறது. ஒரு வேலையைப் படிப்படியாக எழுதிக் கையில் கொடுத்துவிட முடிந்தால்தான் அது கடல் தாண்டி வரும். அப்படி எழுதிக் கொடுக்க முடிந்த வேலை, இன்னும் மலிவான ஊருக்கோ ஒரு மெஷினுக்கோ அதே சுலபத்தில் போய்விடும். ஆகவே வேலை வந்ததா என்பதைவிட, அது இங்கே இருக்கும் காலத்துக்குள் நாம் என்ன கற்றுக்கொண்டோம் என்பதைத்தான் நான் பார்ப்பேன். கீழே உள்ள பதில்கள் பலவற்றிலும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தியாவில் 1985ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் வடிவமைப்பு மையம் திறந்து, சொந்த சாட்டிலைட் இணைப்பும் போட்டுக்கொண்டது. எல்லோருக்கும் அப்படி இணைப்பு கிடைக்க 1991ல் எஸ்டிபிஐ என்ற அரசு மென்பொருள் பூங்கா அமைப்பு வர வேண்டியிருந்தது. சென்னைக்கு அதற்கும் முந்தைய ஒரு தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் பதிப்பகங்களுக்கு டைப்செட்டிங் செய்து தரும் வேலை, இணையம் வருவதற்கு முன்பே இங்கே நடந்தது. இன்றும் ஐரோப்பிய விஞ்ஞானி ஒருவர் தன் கட்டுரையின் புரூஃபைத் திருத்திக்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் சென்னையிலோ புதுச்சேரியிலோ கட்டப்பட்டதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கூலி குறைவு என்பதற்காக மட்டும்தானே வருகிறார்கள்?

வருவது அதற்காக. தங்குவது அதற்காக அல்ல. கூலி மட்டுமே காரணம் என்றால் உலகத்திலேயே ஏழையான நாட்டில்தான் இன்று இந்தத் தொழில் குவிந்திருக்க வேண்டும். அப்படி இல்லையே. தடையில்லாத மின்சாரம், கடலடிக் கேபிள், வாடிக்கையாளரின் மொழி, சொன்ன நேரத்தில் வேலைக்கு வரும் ஆட்கள், ஒருவர் போனால் அடுத்தவரை எடுக்கப் போதுமான பட்டதாரிகள், டாலர் சிக்கலில்லாமல் வந்துசேரும் வங்கி முறை எல்லாம் கூடிவர வேண்டும்.

கேபிள் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கென்யாவைப் பாருங்கள். ஆங்கிலம் பேசும் படித்த இளைஞர்கள் அங்கே முன்பே இருந்தார்கள். ஆனால் 2009ல் சீகாம் கேபிள் வந்து சேரும்வரை கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்கச் சாட்டிலைட்டை நம்பித்தான் இருந்தது. விலையும் அதிகம், பேச்சும் தாமதமாகப் போய்ச் சேரும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஐ2ஐ கேபிள் 2002லேயே வந்துவிட்டது. அந்த ஏழு வருட முன்தொடக்கத்துக்குள் எத்தனையோ ஒப்பந்தங்கள் இங்கே கையெழுத்தாகிவிட்டன.

குரல் வேலையில் பிலிப்பைன்ஸ் எப்படி நம்மை முந்தியது?

2010 வாக்கிலேயே முந்திவிட்டது. 1898 முதல் சுமார் அரை நூற்றாண்டு அமெரிக்க ஆட்சி, பள்ளியில் ஆங்கிலம், அமெரிக்க டிவி, கூடைப்பந்து மோகம் எல்லாம் சேர்ந்து, அமெரிக்க வாடிக்கையாளர் பேசும்போது எங்கே சிரிக்க வேண்டும் என்பதுகூட அவர்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்கு அது பயிற்சியில் வர வேண்டும். உச்சரிப்பை மாற்றி, பெயரை மாற்றி, நாம் அந்த வகையில் நிறையப் பாடுபட்டோம்.

கலாச்சாரத்தோடு விட்டுவிடக் கூடாது, அரசும் வேலை செய்தது. 1995ல் ஒரே ஆண்டில் பிலிப்பைன்ஸ் இரண்டு சட்டங்கள் கொண்டுவந்தது: தொலைத்தொடர்பில் போட்டியைத் திறந்துவிட ஒன்று, பொருளாதார மண்டலங்களுக்கு ஒன்று. பிறகு அந்த மண்டலச் சலுகையை ஒரு தனிக் கட்டடத்துக்குக்கூடக் கொடுத்தார்கள். மணிலாவில் இடம் போதாமல் செபு, டவாவ், இலோய்லோ என்று தொழில் பரவியது. அவர்களுடைய தொழில் சங்கக் கணக்கில் 2024ல் 18 லட்சம் பேர், வருமானம் சுமார் 3,800 கோடி டாலர். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிலிப்பினோக்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்தோடு ஒப்பிடக்கூடிய தொகை இது. பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு ஹாங்காங்கில் வீட்டுவேலைக்குப் போகும் தாய்மார்களின் நாட்டில், சொந்த ஊரில் இருந்தபடியே டாலர் வருவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

அவர்களுடைய பலவீனமும் அங்கேதான். போன் எடுத்துப் பதில் சொல்வதில் அளவுக்கு மீறிச் சாய்ந்துவிட்டார்கள்.

ஒரு நாட்டுக்கு இதனால் உண்மையில் என்ன கிடைக்கிறது?

முதலில், துறைமுகமும் கன்டெய்னரும் இல்லாமல் ஏற்றுமதி. பனியன் ஏற்றுமதிக்குப் பஞ்சு, நூல், சாயம், கப்பல் எல்லாம் வேண்டும். சாயக்கழிவை எங்கே விடுவது என்ற பிரச்சினை வேறு. இதற்கு ஆளும் கம்பியும் போதும். 2023-24ல் இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சேவை ஏற்றுமதி சுமார் 20,000 கோடி டாலர். எண்ணெய் வாங்கப் போகும் டாலரில் பெரும்பகுதியை இது ஈடுகட்டுகிறது. 1991ல் தங்கத்தை அடகு வைத்த நாட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது, பெண்கள். தமிழ்நாட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண்கள் எத்தனை பேர் இந்த வேலைகளால் ஹாஸ்டலில் தங்கிச் சம்பாதித்து, தம்பி படிப்பையும் வீட்டுக் கடனையும் சுமந்தார்கள் என்பதை ஐடி அலுவலகங்கள் நிறைந்த சென்னை ஓஎம்ஆர் சாலைப் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். கல்யாணத் தேதியைத் தாங்களே தள்ளிப்போடும் துணிச்சலும் அந்தச் சம்பளத்தில்தான் வந்தது.

ஆனால் கிடைக்காதவற்றையும் சொல்ல வேண்டும். பட்டப்படிப்பும் ஆங்கிலமும் இல்லாதவருக்கு இதில் நேரடி இடம் இல்லை. செக்யூரிட்டி, கேன்டீன், வேன் டிரைவர் என்றுதான் வரலாம். விவசாயத்திலிருந்து வெளியேறும் லட்சக்கணக்கான பேரை ஆலை உள்ளே இழுத்துக்கொள்வதுபோல் இந்தத் தொழில் இழுக்காது. இன்னொன்று, பத்து வருடம் அமெரிக்க இன்சூரன்ஸ் விதிகளைக் கரைத்துக் குடித்த ஒருவருக்கு நம் ஊர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் எப்படி ஓடுகிறது என்றே தெரியாமல் போகலாம். திறமை இங்கேயே இருக்கிறது. அது தீர்க்கும் பிரச்சினை வேறு நாட்டுடையது.

வரிச்சலுகை பற்றி ஒரு வார்த்தை. மென்பொருள் ஏற்றுமதிக்கு இந்தியாவில் இருந்த 10ஏ வருமானவரி விலக்கு 2011 மார்ச்சோடு முடிந்தது. தொழில் படுத்துவிடும் என்று பேசினார்கள். அதன் பிறகுதான் பல மடங்கு வளர்ந்தது. புதிதாக இறங்கும் நாடுகள் வரியை அள்ளிவிடுவதற்கு முன் இதைப் பார்க்கலாம்.

மெடிக்கல் பில்லிங் என்கிறார்களே, அங்கே உட்கார்ந்து என்னதான் செய்கிறார்கள்?

தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, கோவை, சேலம் என்று பரவியிருக்கும் வேலை இது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குளிர்காலத்தில் நம் ஊர் மாலை ஆறரை என்றால் நியூயார்க்கில் காலை எட்டு. திருச்சியில் ஒரு பெண் ஹெட்செட்டை மாட்டுகிறார். வர வேண்டிய பணத்தை இன்சூரன்ஸிடம் கேட்டு வாங்கும் இந்த வேலைக்கு ஏஆர் காலர் என்று பெயர். ஓஹையோவில் ஒரு கிளினிக், நோயாளிக்கு முழங்கால் எம்ஆர்ஐ எடுத்துவிட்டு இன்சூரன்ஸுக்கு கிளெய்ம் அனுப்பியிருக்கிறது. பணம் வரவில்லை. சிஓ 197 என்ற மறுப்புக் குறியீட்டோடு திரும்பிவிட்டது. முன் அனுமதி இல்லை என்று அர்த்தம்.

புதிதாகச் சேர்ந்தவர் இன்சூரன்ஸுக்குப் போன் போட்டு, அரை மணி நேரம் ஹோல்டு மியூசிக் கேட்டு, "முன் அனுமதி இல்லாததால் நிராகரிப்பு" என்று நோட்ஸ் போட்டு அடுத்த கிளெய்முக்குப் போவார். வேலை முடிந்தது என்று கணக்கில் ஏறும், பணம் மட்டும் வராது. அனுபவசாலி முதலில் போனைத் தொடமாட்டார். கிளினிக்கின் மென்பொருளைத் திறந்து, அனுமதி எண் உண்மையிலேயே வாங்கவில்லையா, வாங்கியும் சிஎம்எஸ் 1500 படிவத்தின் 23ம் கட்டத்தில் போட மறந்துவிட்டார்களா என்று பார்ப்பார். மறந்திருந்தால் திருத்திய கிளெய்ம் அனுப்பினால் போதும். வாங்கவே இல்லை என்றால்தான் போன்: பின்தேதி அனுமதி தருவீர்களா, அப்பீலுக்குக் கடைசி நாள் எது, இந்த அழைப்புக்கான குறிப்பு எண் என்ன. நாளும் முக்கியம். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் என்றால் சிகிச்சை நாளிலிருந்து ஓராண்டு டைம் உண்டு. தனியார் கம்பெனிகள் சிலவற்றில் 90 நாள்தான். தாண்டினால் சிஓ 29, அதாவது காலக்கெடு முடிந்தது, அந்தப் பணம் போனதுதான்.

எந்த இன்சூரன்ஸ் கம்பெனி எதற்கு அடம்பிடிக்கும், எந்த மாநிலத்தில் எந்தப் படிவம் செல்லும் என்கிற அறிவு எந்த மேனுவலிலும் முழுசாக இல்லை. ஆயிரக்கணக்கான டினையல்களை (நிராகரிப்புகளை) பார்த்தவர் தலையில் இருக்கிறது. இந்தத் தொழிலில் சொத்து என்று நான் எதையாவது சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

சின்ன ஊரில் பத்துப் பேரை வைத்து நான் தொடங்கலாமா?

தொடங்கலாம், பணக்கணக்கைச் சரியாகப் போட்டால். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எண்களை உங்கள் நிலைமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கிளையண்ட் ஒரு ஆளுக்கு மாதம் 1,500 டாலர் தருகிறார் என்று வையுங்கள். பத்துப் பேருக்கு 15,000. டாலர் 85 ரூபாய் என்றால் 12,75,000. சம்பளம், பிஎஃப், வாடகை, இரட்டை இன்டர்நெட், யுபிஎஸ், ஜெனரேட்டர் டீசல், இரவு வண்டி, டீம் லீடர், மென்பொருள் லைசென்ஸ் எல்லாம் சேர்த்து மாதம் 8 லட்சம். நாலே முக்கால் லட்சம் லாபம் என்று தோன்றும்.

இப்போது காலண்டரை எடுங்கள். முதல் மாதம் பயிற்சி. கிளையண்ட் அதற்குப் பணம் தருவதில்லை. இரண்டாம் மாதம் வேலை. மாதக் கடைசியில் இன்வாய்ஸ். ஒப்பந்தத்தில் 45 நாள் தவணை. ஆக முதல் டாலர் நான்காம் மாத நடுவில் வருகிறது. அதற்குள் மூன்று மாதச் செலவு, அதாவது 24 லட்சம், உங்கள் கையிலிருந்து போயிருக்கும். அட்வான்ஸ், மேசை, கம்ப்யூட்டர் எல்லாம் அதற்கு மேல். ஆர்டர் இல்லாமல் மூடிய கடைகளைவிட, ஆர்டர் இருந்தும் இந்த இடைவெளியில் மூச்சுத் திணறி மூடிய கடைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு ஓட்டை, ஆட்கள் விலகுவது. பத்தில் மூன்று பேர் ஒரே மாதத்தில் போனால், புதியவர் தேறும்வரை அவர்கள் இடத்துக்கு வருமானம் இல்லை. பெரிய நிறுவனத்தில் பெஞ்சில், அதாவது கையிருப்பில், ஆள் இருக்கும். உங்களிடம் இருக்காது. சின்ன ஊரின் பெரிய சாதகம் இங்கேதான்: வீட்டுச் சாப்பாடு, ஸ்கூட்டி தூரத்தில் ஆபீஸ் என்றால் இரண்டாயிரம் மூவாயிரத்துக்காகச் சென்னைக்கு ஓடமாட்டார்கள்.

முதல் கிளையண்ட் எங்கிருந்து வருவார்?

சீட் போட்டுவிட்டுக் கிளையண்ட் தேடாதீர்கள். கிளையண்ட் கிடைத்த பிறகு சீட் போடுங்கள்.

என் அனுபவத்தில் முதல் வேலை மூன்று வழிகளில் வருகிறது. பழைய கம்பெனியில் உங்களோடு பேசிப் பழகிய வெளிநாட்டு மேலாளர் வேறிடம் போய் நம்மைக் கூப்பிடுவது (பழைய கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள்). வேலை நிரம்பி வழியும் உள்ளூர் நிறுவனத்திடம் சப்-கான்ட்ராக்ட் எடுப்பது. லாபம் குறைவு, ஆனால் பணம் ரூபாயில், பக்கத்துத் தெருவிலிருந்து வரும். வெளிநாட்டில் கிளினிக்கோ ஆடிட்டர் ஆபீஸோ நடத்தும் உறவினர், நண்பர் மூலம் வருவது.

எதைச் செய்கிறோம் என்பது குறுகலாக இருப்பது நல்லது. "எல்லா பிபிஓ வேலையும் செய்வோம்" என்று போட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். "கால் மருத்துவக் கிளினிக்குகளுக்கு மட்டும் பில்லிங்", "இங்கிலாந்துச் சிறு கடைகளுக்கு மட்டும் சம்பளக் கணக்கு" என்றால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். இங்கிலாந்து வேலைக்கு மதியம் தொடங்கி இரவு ஒன்பது, பத்துக்குள் முடித்துவிடலாம் என்பதும் ஒரு வசதி.

"டேட்டா என்ட்ரி புராஜெக்ட் தருகிறோம், டெபாசிட் கட்டுங்கள்" என்கிறார்களே, நம்பலாமா?

வேண்டாம்.

எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் விளம்பரம் வரும். வெளிநாட்டு மருத்துவமனைப் படிவங்களை நிரப்ப வேண்டும், வாரத்துக்கு இத்தனை, துல்லியம் 90 சதவீதம் இருந்தால் பணம். பதிவுக் கட்டணம் கட்டச் சொல்வார்கள், அல்லது கட்டணம் இல்லை என்று சொல்லி ஒரு ஒப்பந்தத்தில் ஆன்லைனில் கையெழுத்து வாங்குவார்கள். தருகிற படம் மங்கலாக இருக்கும், ஓவும் பூஜ்ஜியமும் ஒன்றுபோலத் தெரியும். ராத்திரி பகலாக உட்கார்ந்து முடித்தால், "க்யூசியில் ஃபெயில், துல்லியம் போதாது" என்பார்கள். பிறகு "வக்கீல்" ஒருவர் போன் செய்து, ஒப்பந்தத்தை மீறியதால் நஷ்ட ஈடு கட்டு, இல்லாவிட்டால் கோர்ட்டுக்கு வா என்பார். பயந்து கட்டியவர்கள் நிறைய. பெரிய அளவில் இதையே "20 சீட் புராஜெக்ட்" என்று லட்சக்கணக்கில் டெபாசிட் வாங்கிச் செய்கிறார்கள்.

வேலை கொடுப்பவர் பணம் கேட்டாலே அது வேலை இல்லை. அந்தப் போனுக்குப் பயந்து எதையும் கட்டாதீர்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ, பணத்தை வங்கியில் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

பதிவு, வரி எல்லாம் பெரிய தலைவலியா?

முன்பைவிட இல்லை. கால் சென்டர் போன்றவை தொலைத்தொடர்புத் துறையில் வாங்க வேண்டியிருந்த ஓஎஸ்பி பதிவு 2020 நவம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது. சேவை ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்ஜிய விகிதம். வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய ஒவ்வொரு நிதியாண்டும் எல்யுடி என்ற உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்ய வேண்டும், மறந்துவிடாதீர்கள். பணம் வங்கி வழியே, எதற்காக வந்தது என்று காட்டும் சரியான பர்பஸ் கோடுடன் வரட்டும். மீதியை ஆடிட்டரிடம் விடுங்கள்.

தகவல் பாதுகாப்பு என்று கிளையண்ட் என்னென்ன கேட்பார்?

அமெரிக்க மருத்துவத் தகவல் என்றால் 1996ன் ஹிப்பா சட்டம், ஐரோப்பியர் தகவல் என்றால் 2018ல் நடைமுறைக்கு வந்த ஜிடிபிஆர். நடைமுறையில் அதன் முகம் இப்படி இருக்கும்: வாசலிலேயே செல்போன் லாக்கர், மேசையில் பேனாவும் பேப்பரும் கிடையாது, யுஎஸ்பி அடைப்பு, தெரியாத மெயில் திறக்காது. நோயாளியின் பெயரைக் கையில் எழுதிக்கொண்டு வெளியே போனாலும் வேலை போகும். அமெரிக்காவில் சில மாநிலங்களின் மெடிக்கெய்டு (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) ஒப்பந்தங்கள் தகவலை நாட்டுக்கு வெளியே அனுப்பவே விடுவதில்லை. கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது இடம் எங்கே என்றும் கேட்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது, வேறு ஊரில் கிளை இருந்தவர்கள் வேலையை அங்கே திருப்பிவிட்டார்கள். இல்லாதவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

இரவு வேலை உடம்பைக் கெடுக்காதா?

கெடுக்கும். தூக்கம், சாப்பாட்டு நேரம், வீட்டில் ஆட்களோடு பேச்சு எல்லாம் குலையும். தீபாவளிக்கு வேலை, தேங்க்ஸ்கிவிங்குக்கு லீவு. மார்ச்சிலும் நவம்பரிலும் அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றும்போது நம் ஷிஃப்டும் ஒரு மணி நேரம் நகரும். மெடிக்கல் கோடிங் (நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் போடுவது), டைப்செட்டிங் போன்ற குரல் இல்லாத வேலைகளைப் பகலிலேயே செய்யலாம். நீண்ட நாள் தாங்க நினைப்பவர்கள் இரண்டு, மூன்று வருடத்தில் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள். நிர்வாகம் இதை நல்லெண்ணத்துக்கு விடாமல் விதியாகவே வைப்பது நல்லது.

இலங்கையில், குறிப்பாக யாழ்ப்பாணத்தில் இதற்கு வாய்ப்பு உண்டா?

இலங்கை எண்ணிக்கையில் இந்தியாவோடு போட்டி போட முடியாது. போட்டி போடவும் இல்லை. அங்கே பலம் கணக்கியல். பிரிட்டனின் சிமா என்ற கணக்கியல் தேர்வு எழுதியவர்கள் நாட்டின் அளவுக்கு மிக அதிகம். இன்னொரு பலம், ஒரு துறையில் ஆழமாக இறங்குவது. பங்குச்சந்தை மென்பொருள் செய்த மில்லேனியம்ஐடி நிறுவனத்தை 2009ல் லண்டன் பங்குச்சந்தையே விலைக்கு வாங்கியது. வேலை வாங்கிச் செய்பவன் என்ற நிலையிலிருந்து எவ்வளவு மேலே போகலாம் என்பதற்கு இது நல்ல சாட்சி.

2022 நெருக்கடியில் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. டீசலைத் தேடி அலைந்துகொண்டே வெளிநாட்டு வேலையைத் தவணை தவறாமல் கொடுத்த நிறுவனங்கள் அங்கே உண்டு. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப் போன்ற முயற்சிகளால் இளைஞர் கூட்டம் ஒன்று உருவாகியிருக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் கடையும் நிறுவனமும் நடத்தும் உறவுகள் இருப்பது யாழ்ப்பாணத்துக்கு மற்ற ஊர்களுக்கு இல்லாத வழி. அந்த உறவு நன்கொடையோடு நின்றுவிடாமல் கணக்கெழுதும் வேலையாகவும் வந்தால், இளைஞர்கள் விசாவுக்குக் காத்திருக்கும் வருடங்கள் குறையும்.

அமெரிக்கா வரி போட்டால் எல்லாம் முடிந்ததா?

2004 அமெரிக்க அதிபர் தேர்தலிலேயே வேட்பாளர் ஜான் கெர்ரி வேலையை வெளியே அனுப்பும் முதலாளிகளைத் துரோகிகள் என்று திட்டினார். 2025 செப்டம்பரில் செனட்டர் பெர்னி மொரேனோ, வெளிநாட்டு அவுட்சோர்சிங் கட்டணத்துக்கு 25 சதவீத வரி விதிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். மசோதா வேறு, சட்டம் வேறு. ஆனாலும் ஒரே நாட்டை, அதிலும் ஒரே கிளையண்டை நம்பி இருப்பவருக்குத் தூக்கம் கெடத்தான் செய்யும். வருமானத்தில் பாதிக்கு மேல் ஒருவரிடமிருந்து வந்தால், தொழில் நடத்துவது அவர்தான், நீங்கள் இல்லை.

ஏஐ வந்துவிட்டதே, இன்னும் இதில் என்ன மிச்சம்?

பார்படோஸ் டிக்கெட் தாளுக்கு நடந்தது பலவற்றுக்கு நடக்கும். கிளார்னா என்ற ஸ்வீடன் நிறுவனம் 2024ல் தன் ஏஐ உதவியாளர் 700 ஏஜென்டுகளின் வேலையைச் செய்கிறது என்றது. அடுத்த வருடமே தரம் போதவில்லை என்று மனிதர்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. இரண்டு பக்கச் செய்தியும் உண்மைதான்.

முதலில் போவது ஸ்கிரிப்ட் படிக்கும் வேலை, கிளெய்ம் நிலவரம் கேட்கும் போன், எளிய கோடிங். தங்குவது, மெஷின் கொடுத்த பதிலில் எது தப்பு என்று கண்டுபிடிக்கும் வேலை. கெட்டது, இரண்டாவதுக்கு ஆள் முதலாவதில் பழகித்தான் வருகிறார். ஏணியின் கீழ்ப்படிகளை எடுத்துவிட்டால் மேலே எப்படி ஏறுவது என்பதற்கு இந்தத் தொழிலில் யாரும் இன்னும் நல்ல பதில் சொல்லவில்லை, நானும்தான்.

ஏஐக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலையும் வளரும் நாடுகளுக்கு வருகிறது. நைரோபியில் மணிக்கு 2 டாலருக்கும் குறைவான சம்பளத்துக்கு, மனதை உலுக்கும் வன்முறை, ஆபாச வரிகளைப் படித்து வகைப்படுத்தியவர்களைப் பற்றி 2023ல் வெளிவந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அதையும் வாய்ப்பு என்ற பட்டியலில் போடச் சொன்னால் எனக்குக் கை வராது.

பிள்ளையை மெடிக்கல் கோடிங் கோர்ஸில் சேர்க்கலாமா?

பயாலஜி, நர்சிங், ஃபார்மசி, பிசியோதெரபி படித்திருந்தால் யோசிக்கலாம். உடற்கூறு தெரியாமல் இந்த வேலை ஓடாது. அமெரிக்காவில் 2015 அக்டோபரில் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியல் வந்த பிறகு நோய்க் கோடுகள் பல மடங்கு பெருகின. இடது கை, வலது கை, முதல் வருகை, அடுத்த வருகை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கோடு.

கோர்ஸ் நடத்தும் இடம் கொடுக்கும் சான்றிதழுக்குத் தனியாக மதிப்பு இல்லை. அமெரிக்காவில் மெடிக்கல் கோடர்களுக்கான ஏஏபிசி அமைப்பின் சிபிசி தேர்வுதான் கணக்கு. 100 கேள்வி, நான்கு மணி நேரம், புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். அதனால் சுலபம் என்று நினைக்க வேண்டாம், புத்தகத்தில் தேடுவதற்குள் நேரம் ஓடிவிடும். "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று போர்டு போட்டு முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்கும் இடத்தைத் தவிருங்கள். பல நிறுவனங்கள் தாங்களே ஆள் எடுத்துப் பயிற்சி தருகின்றன. முதலில் அங்கே விண்ணப்பியுங்கள். கிடைக்காவிட்டால் கோர்ஸ் பற்றிப் பார்க்கலாம்.